ஒன்லி: வலப்பக்கம் பார்க்கும் சொல்

‘ஐ ஆம் ஹியர் ஒன்லி.’ ‘ஹி ஒன்லி டோல்ட் மீ.’ ‘டுமாரோ ஒன்லி தே ஆர் கமிங்.’ இந்த மூன்றையும் இந்தியர் அல்லாத ஒருவர் கேட்டால் புருவம் உயர்த்துவார். நமக்கோ ஒன்றும் உறுத்தாது. ‘ஒன்லி’யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘தான்’ போட்டுப் பாருங்கள்: இங்கேதான் இருக்கிறேன், அவன்தான் சொன்னான், நாளைக்குத்தான் வருகிறார்கள். மூன்றும் பழுதில்லாத தமிழ்.

சிக்கல் இதில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ‘ஒன்லி’ என்றால் ‘மட்டும்’ என்று மனப்பாடம் செய்கிறோம். வாயைத் திறந்து ஆங்கிலம் பேசும்போது ‘மட்டும்’ வரும் இடத்தில் மட்டுமல்ல, ‘தான்’ வரும் இடத்திலெல்லாம் அதைச் செருகுகிறோம். ஆங்கிலத்தில் ‘தான்’ என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. அந்த வேலையை ஆங்கிலம் ஏழெட்டு வழிகளில் பிரித்துச் செய்கிறது. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் ‘ஒன்லி’.

முதலில் ‘மட்டும்’, ‘தான்’ இரண்டையும் தமிழிலேயே பிரித்துக்கொள்வோம். ‘ராஜா மட்டும் வந்தான்’ என்பது ‘வேறு யாரும் வந்தார்களா?’ என்ற கேள்விக்குப் பதில். ராஜா வந்தது ஏற்கெனவே தெரியும். மற்றவர்கள் வரவில்லை என்பதே செய்தி. ‘ராஜாதான் வந்தான்’ என்பது ‘யார் வந்தது?’ என்ற கேள்விக்குப் பதில். யாரோ வந்தது தெரியும். அந்த யாரோ ராஜா என்பதே செய்தி. முன்னது மற்றவர்களை வெளியே தள்ளுகிறது, பின்னது ஒருவரைச் சுட்டிக் காட்டுகிறது. ‘ஒன்லி ராஜா கேம்’ என்ற ஆங்கில வாக்கியம் முதல் வகை. அதற்கு ‘ராஜாதான் வந்தான்’ என்ற பொருளை எவ்வளவு இழுத்தாலும் ஏற்ற முடியாது.

மொழியியலார் இதைச் சோதிக்க ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். 1969-இல் லாரன்ஸ் ஹார்ன் ‘ஒன்லி’யையும் ‘ஈவன்’ என்ற சொல்லையும் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்த விவாதம் சூடுபிடித்தது. ‘ஒன்லி ராஜா கேம்’ என்பதை மறுத்துப் பாருங்கள்: ‘ராஜா மட்டும் வந்தான் என்பது பொய்’. இப்போதும் ராஜா வந்ததாகத்தான் படுகிறது; கூட வேறு யாரோவும் வந்திருக்கிறார்கள், அவ்வளவே. மறுப்பு ‘வேறு யாரும் இல்லை’ என்ற பகுதியை மட்டும் தாக்குகிறது, ராஜாவின் வருகையைத் தொடுவதில்லை. ஆக, இந்தச் சொல் உள்ளுக்குள் ஓர் ‘இல்லை’யைச் சுமந்துகொண்டு திரிகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

எழுதும்போதும் பேசும்போதும் பயன்படும் சோதனை ஒன்றே: உங்கள் வாக்கியம் ‘வேறு?’ என்ற கேள்விக்குப் பதிலா, ‘எது?’ என்ற கேள்விக்குப் பதிலா? ‘வேறு?’ என்றால் ‘ஒன்லி’ போடலாம். ‘எது, யார், எங்கே?’ என்றால் வேண்டாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. எண்ணும் அளவும் வந்தால் நம் ‘தான்’ தானாகவே ‘குறைவு’ என்ற பொருளை எடுத்துக்கொள்ளும். ‘பத்துப் பேர்தான் வந்தார்கள்’ என்றால் ‘ஒன்லி டென் கேம்’ சரியான ஆங்கிலம். தமிழில் இதையே ‘பத்தே பேர்’ என்போம். இன்னும் அழுத்த வேண்டுமென்றால் ‘பத்தே பத்துப் பேர்’. எண்ணை இரட்டித்து நடுவில் ஏகாரம் வைக்கும் இந்த வசதி ஆங்கிலத்துக்கு இல்லை.

அப்படியானால் ‘ஒன்லி’ ஆகாத இடங்களில் ‘தான்’ எப்படி ஆங்கிலமாகும்? ‘அவன்தான் செய்தான்’ என்பதைப் பேச்சில் ‘ஹி டிட் இட்’ என்று ‘ஹி’யை ஓங்கி ஒலித்தாலே போதும். எழுத்தில் ஓசை கேட்காது என்பதால் ‘ஹி இஸ் த ஒன் ஹூ டிட் இட்’ அல்லது ‘இட் வாஸ் ஹிம்’ என்று வாக்கியத்தைப் பிளக்க வேண்டும். ‘இங்கேதான்’ என்பது ‘ரைட் ஹியர்’. ‘அதேதான்’ என்பது ‘எக்ஸாக்ட்லி’, பொருளைக் குறித்தால் ‘த வெரி சேம்’. ‘இப்போதுதான் வந்தேன்’ என்பது ‘ஐ ஹேவ் ஜஸ்ட் கம்’. ‘சொல்லத்தான் செய்தேன்’ என்பது ‘ஐ டிட் டெல் யூ’, அந்த ‘டிட்’ ஓங்கி ஒலிக்க வேண்டும். ‘நீதானே?’ என்பதில் தொங்கும் ‘தானே’, வாக்கியக் கடைசியில் ‘ஆரன்ட் யூ’ போன்ற வால்கேள்வியாக மாறும். ‘இன்றைக்கே’ என்பதை ‘டுடே இட்செல்ஃப்’ என்று சொல்வதும் இதே குடும்பத்துப் பழக்கம். வெறும் ‘டுடே’ அநேகமாகப் போதும், அவசரம் காட்ட ‘திஸ் வெரி டே’.

இந்தி பேசுபவர்களும் நம் ‘தான்’ போன்ற தங்கள் ‘ஹீ’யை அப்படியே ‘ஒன்லி’யாக்குவதால், இந்தியர் இருவர் பேசிக்கொள்ளும்போது இதில் எந்தக் குழப்பமும் வருவதில்லை. அந்த வட்டத்துக்குள் அதைப் பிழை என்று கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியே இருப்பவருக்கு மின்னஞ்சல் போகும்போதுதான் தொல்லை. ‘நாங்கள்தான் கோப்பை அனுப்பினோம்’ என்று நினைத்துக்கொண்டு ‘வி ஒன்லி சென்ட் த ஃபைல்’ என்று எழுதுகிறோம். படிப்பவருக்கு அது ‘கோப்பை அனுப்பியதோடு சரி, வேறெதுவும் செய்யவில்லை’ என்று போய்ச் சேரும். பொறுப்பை ஏற்று எழுதிய வரி பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வரியாகிவிடுகிறது. இலக்கணப் பிழை ஒன்றுமில்லாததால் யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

ஏன் இப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்றால், இரண்டு சொற்களும் எதிரெதிர்த் திசையில் பார்க்கின்றன. ‘தான்’ இடப்பக்கம் பார்க்கும். தன்னை ஒட்டி முன்னால் நிற்கும் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும். ‘ஒன்லி’ வலப்பக்கம் பார்க்கும். வாக்கியத்தின் நடுவில், வினைக்கு முன்னால் அது வந்துவிட்டால் தனக்கு இடப்புறம் இருக்கும் எழுவாயைத் திரும்பியே பார்க்காது. ‘வி ஒன்லி’ என்று எழுதிய நொடியிலேயே ‘வி’ அதன் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

சரி, ‘ஸ்டாஃப் ஒன்லி’, ‘மெம்பர்ஸ் ஒன்லி’ என்று பலகைகளில் பின்னால்தானே வருகிறது? ஆமாம். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நின்று இடப்பக்கம் பார்ப்பதும் ‘ஒன்லி’க்கு முடியும், பலகை, படிவம், குறிப்பு போன்ற சுருக்கெழுத்து நடையில் அது சகஜம். நம் ‘தான்’ பழக்கத்துக்கு இந்தப் பலகைகள் சாட்சி சொல்வதுபோல் இருப்பதால் சந்தேகமே வராமல் போகிறது. ஆனால் அங்கேயும் பொருள் ‘மட்டும்’ என்பதே, ‘தான்’ அல்ல. முழு வாக்கியத்துக்குள் அப்படி வைத்தால் ஒரு விதிமுறைப் புத்தகத்தின் வாடை அடிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சொற்றொடர் இருக்கும் பலகையில் ஆபத்தும் உண்டு: ‘கார்ட்ஸ் ஒன்லி ஆன் சண்டேஸ்’ என்பது ஞாயிறன்று அட்டை மட்டுமே வாங்குவோம் என்பதா, அட்டையை ஞாயிறன்று மட்டுமே வாங்குவோம் என்பதா? நடுவில் மாட்டிக்கொண்ட ‘ஒன்லி’ இரு பக்கமும் பார்க்கிறது.

வலப்பக்கம் பார்க்கிறது என்றால் எவ்வளவு தூரம்? இதை ஒரு வாக்கியத்தில் அருகில் வைத்துப் பார்க்கலாம்: ‘ராஜா கேவ் மீனா த கீ யெஸ்டர்டே’. ராஜா நேற்று மீனாவிடம் சாவியைக் கொடுத்தான். இதன் தலையில் ‘ஒன்லி’யை வைத்தால் ராஜாவைத் தவிர வேறு யாரும் கொடுக்கவில்லை. ‘கேவ்’ என்பதற்குப் பின்னால், மீனாவுக்கு முன்னால் வைத்தால் மீனாவுக்கு மட்டும். ‘த கீ’க்கு முன்னால் வைத்தால் சாவியை மட்டும், வேறு பொருள் எதுவும் இல்லை. ‘யெஸ்டர்டே’க்கு முன்னால் வைத்தால் நேற்றுதான். இந்த நான்கு இடங்களிலும் பெரிய குழப்பம் இல்லை.

குழப்பம் ஐந்தாவது இடத்தில்: ‘ராஜா ஒன்லி கேவ் மீனா த கீ யெஸ்டர்டே’. வினைக்கு முன்னால் நிற்கும் ‘ஒன்லி’க்கு வலப்புறம் உள்ள அத்தனையும் எட்டும். கொடுக்க மட்டும் செய்தான், விளக்கம் சொல்லவில்லை. மீனாவுக்கு மட்டும். சாவியை மட்டும். நேற்றுதான். நான்கும் சாத்தியம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேச்சில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ‘ஒன்லி’யை வைக்கிறார்கள் என்பது வேடிக்கை. அவர்களுக்குக் குழப்பம் வராததற்குக் காரணம் குரல். எந்தச் சொல்லைக் குறிக்கிறார்களோ அதை ஓங்கி ஒலிப்பார்கள்; ‘ஒன்லி’ போய் அதில் ஒட்டிக்கொள்ளும். தமிழில் ‘தான்’ சொல்லுடன் ஒட்டிக்கொண்டே வருவதால் குரலுக்கு இந்த வேலை இல்லை. எனவே நாம் ஆங்கிலம் பேசும்போதும் குரலை உயர்த்தாமல் ஒரே சமமாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். கேட்பவருக்குப் பிடி கிடைப்பதில்லை.

காகிதத்தில் குரல் இல்லை என்பதால் இலக்கணக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. 1762-இல் வெளிவந்த தன் ஆங்கில இலக்கணத்தில் ராபர்ட் லௌத் இதைக் கண்டித்தார். ‘ஐ ஒன்லி ஸ்பேக் த்ரீ வேர்ட்ஸ்’ என்று சொல்கிறார்கள், ‘ஐ ஸ்பேக் ஒன்லி த்ரீ வேர்ட்ஸ்’ என்றல்லவா இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். பேசியதே மூன்று சொல் என்றால் ‘மூன்று’ பக்கத்தில் ‘ஒன்லி’ நிற்கட்டும். 1926-இல் ஆங்கில வழக்குக்கு அகராதி எழுதிய ஹென்றி ஃபௌலர் எதிர்ப்பக்கம் நின்றார். ‘ஹி ஒன்லி டைட் எ வீக் எகோ’ என்பதைப் படித்து யாரும் ‘இறந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை’ என்று புரிந்துகொள்ளப் போவதில்லை, பிறகு எதற்கு அதைத் திருத்துவது என்றார். நடைமுறையில் ஃபௌலர் பக்கமே நியாயம் அதிகம். ஆனால் பணமோ பொறுப்போ சம்பந்தப்பட்ட எழுத்தில் லௌத் சொன்னபடி நடப்பதே பிழைக்கும் வழி.

உத்தரவாத அட்டை ஒன்றில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘வி வில் ஒன்லி ரிப்பேர் த ஸ்கிரீன் வித்தின் ஒன் இயர்’. பழுது பார்ப்போம், மாற்றித் தர மாட்டோம் என்று வாசிக்கலாம். திரையை மட்டும் பார்ப்போம், மின்கலத்தைப் பார்க்க மாட்டோம் என்று வாசிக்கலாம். ஓராண்டு வரை மட்டும் என்றும் வாசிக்கலாம். எழுதியவர் மனதில் ஒன்றுதான் இருந்திருக்கும். அது காலம் என்றால் ‘ஒன்லி வித்தின் ஒன் இயர்’ என்று நகர்த்தினால் தீர்ந்தது. திரை என்றால் ‘ஒன்லி த ஸ்கிரீன்’. ஆனால் பழுது பார்ப்பது மட்டும் என்றால் நகர்த்துவது உதவாது, ஏனென்றால் ‘ஒன்லி’ ஏற்கெனவே வினைக்கு முன்னால்தான் நிற்கிறது. ‘ரிப்பேர் பட் நாட் ரிப்ளேஸ்’ என்று எதைச் செய்ய மாட்டோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். ‘ஒன்லி’யால் தெளிவு வராத இடத்தில் அதைக் கைவிடுவதற்குத் தயங்க வேண்டாம்.

காலச் சொற்களோடு ‘ஒன்லி’ சேரும்போது ஒரு விசித்திரம். ‘நேற்றுதான் வந்தான்’ என்றால் வந்து அதிக நாள் ஆகவில்லை. ‘நாளைக்குத்தான் வருவான்’ என்றால் தாமதம். ஒரே ‘தான்’, ஒன்றில் அண்மை, இன்னொன்றில் தாமதம். ஆங்கிலத்தின் ‘ஒன்லி’யும் இதையே செய்கிறது. இரண்டு மொழியிலும் காரணம் ஒன்றே. காலத்தோடு சேர்ந்தால் இந்தச் சொற்கள் முந்திய காலத்தை விலக்குகின்றன: நேற்றைக்கு முன்னால் இல்லை, நாளைக்கு முன்னால் இல்லை. இறந்த காலத்தில் அது அண்மையாகத் தெரிகிறது, எதிர்காலத்தில் தாமதமாகத் தெரிகிறது. ‘நாளைக்குத்தான் வருவேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இயல்பான வடிவம் ‘ஐ வோன்ட் கம் அன்டில் டுமாரோ’. முந்திய காலம் இல்லை என்பதை அந்த வாக்கியம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. ‘டுமாரோ ஒன்லி ஐ வில் கம்’ என்பதற்கு இதுவே நல்ல மாற்று.

உள்ளே ஓர் ‘இல்லை’ இருக்கிறது என்றோமே, அதனால்தான் ‘ஒன்லி’ வாக்கியத்தின் தலைக்குப் போனால் பின்னால் வருவது புரண்டுவிடுகிறது. ‘நெவர்’ முன்னால் வந்தால் ‘நெவர் ஹேவ் ஐ சீன்’ என்று வினை முந்திக்கொள்வது போலவே ‘ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்’. ‘அப்போதுதான் எனக்குப் புரிந்தது’ என்பதை ‘ஒன்லி தென் ஐ அண்டர்ஸ்டுட்’ என்று எழுதுவது நம்மிடம் மிகவும் பரவலான பிழை. துணைவாக்கியம் நீளமாக இருந்தால் புரட்ட வேண்டிய இடம் எது என்பதிலும் தடுமாற்றம் வரும். ‘ஒன்லி வென் த லைட் கேம் ஆன் டிட் வி சீ இட்’ என்பதில் புரள்வது ‘டிட் வி சீ’ என்ற முதன்மை வாக்கியம். ‘த லைட் கேம் ஆன்’ அப்படியே இருக்கும். ஒரு விலக்கு: ‘ஒன்லி’ எழுவாயோடு சேர்ந்து தலையில் நின்றால் புரட்டல் கிடையாது. ‘ஒன்லி ராஜா நோஸ்’, அவ்வளவே.

நிபந்தனைகளில் கவனம் தேவை. ‘இஃப்’ போதுமானதைச் சொல்லும். ‘ஒன்லி இஃப்’ தேவையானதைச் சொல்லும். ‘கையெழுத்திட்டால் போதும், அனுமதி’ என்பது முதல் வகை. ‘கையெழுத்திட்டால்தான் அனுமதி’ என்பது இரண்டாம் வகை. கையெழுத்திட்ட பிறகும் வேறு காரணத்தால் மறுக்கப்படலாம். தமிழில் ‘ஆல் போதும்’, ‘ஆல்தான்’ என்று காதிலேயே வேறுபாடு விழுந்துவிடுவதால் இதில் நாம் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள்.

அதே இரண்டு சொற்களைத் திருப்பிப் போட்டால் ‘இஃப் ஒன்லி’. அது நிபந்தனையே அல்ல, ஏக்கம். ‘இஃப் ஒன்லி ஹி ஹேட் கம்’ என்பதைத் தமிழில் ‘அவன் மட்டும் வந்திருந்தால்…’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். இந்த ‘மட்டும்’ யாரையும் விலக்கவில்லை. அவன் தனியாக வந்திருக்க வேண்டும் என்று யாரும் ஏங்கவில்லை. உறவே இல்லாத இரண்டு மொழிகள் விலக்கும் சொல்லையே எடுத்து ஏக்கத்துக்குப் பயன்படுத்துவது ரசிக்கத்தக்கது. வினையைக் கவனியுங்கள்: இப்போது இல்லாததற்கு ‘இஃப் ஒன்லி ஐ நியூ’, அப்போது இல்லாமல் போனதற்கு ‘இஃப் ஒன்லி ஐ ஹேட் நோன்’.

மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்கும் இடம் ‘ஒன்லி டு’. ‘ஹி ரேன் டு த ஸ்டேஷன், ஒன்லி டு ஃபைண்ட் த டிரெய்ன் கான்’. இதை ‘ரயில் போய்விட்டதைக் காண்பதற்கு மட்டுமே நிலையத்துக்கு ஓடினான்’ என்று பெயர்க்கிறார்கள். போன ரயிலைப் பார்க்க யார் ஓடுவார்கள்? இந்த ‘ஒன்லி டு’ நோக்கம் அல்ல, ஏமாற்றம். தமிழில் இதற்கென்றே ஒரு வழக்கு தயாராக இருக்கிறது: ‘நிலையத்துக்கு ஓடினான், போய்ப் பார்த்தால் ரயில் கிளம்பிவிட்டிருந்தது.’ அந்தப் ‘போய்ப் பார்த்தால்’தான் ‘ஒன்லி டு’. ‘ஒன்லி டூ ஹாப்பி’ என்று வரும் இன்னொன்றும் இப்படித்தான் ஏமாற்றும். அதில் குறைவு எதுவும் இல்லை, மனம் நிறைந்த மகிழ்ச்சி என்று பொருள்.

பெயரடையாக வரும்போது எல்லாச் சுமையும் ‘எ’, ‘த’ மேல் விழுகிறது. ‘ஆன் ஒன்லி சைல்ட்’ என்றால் உடன்பிறந்தார் இல்லாத குழந்தை. ‘த ஒன்லி சைல்ட்’ என்றால் அந்த இடத்தில் இருந்த ஒரே குழந்தை. அதற்கு நான்கு அண்ணன்கள்கூட வீட்டில் இருக்கலாம். ‘ஒன்லி எ சைல்ட்’ என்றால் சின்னக் குழந்தைதானே, விட்டுவிடுங்கள். கடைசியில் உள்ள ‘ஒன்லி’ விலக்குவதில்லை, படியில் கீழே இருப்பதைக் காட்டுகிறது. ‘வெறும் கீறல்தான்’ என்பதற்கு ‘ஒன்லி எ ஸ்க்ராட்ச்’ சொல்வதும் அப்படியே. தமிழ் ‘ஒரே’யும் லேசுப்பட்டதல்ல: ஒரே மகன், ஒரே ஊர்க்காரர்கள், ஒரே மழை. மூன்றில் முதலாவது மட்டுமே ‘ஒன்லி’.

‘மட்டும்’ என்பதில் உள்ள ‘மட்டு’ அளவு, எல்லை. மட்டுப்படுத்துவது, முடிந்த மட்டும் முயல்வது எல்லாம் அந்த எல்லையே. காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி முடித்துக் கடைசியில் ‘ஒன்லி’ அல்லது ‘மட்டும்’ போடுவதும் இதற்குத்தான். தொகை குறைவு என்று சொல்வதற்கல்ல, அதற்குப் பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுதாதபடி வேலி போடுவதற்கு.

ஆங்கிலச் சொல் வேறு ஊற்றிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஒன்று போன்ற’ என்று பொருள்படும் கூட்டுச்சொல். ‘ஒன்று’ என்பதற்கான ஆங்கிலச் சொல் முன்பு ‘ஓன்’ என்றே ஒலித்தது; பின்னாளில் அது ‘வன்’ என்று மாறியபோது ‘ஓன்லி’யும் ‘எலோன்’ என்பதும் பழைய ஒலியிலேயே தங்கிவிட்டன. எழுத்தில் அது ‘ஒன்லி’ என்று குறிலாகப் பழகிவிட்டாலும் வாயில் ‘ஓ’ நெடிலாகத்தான் வர வேண்டும்.

பேச்சில் இன்னொரு ‘ஒன்லி’ உண்டு, இணைப்புச் சொல்லாக. ‘ஐ வுட் கம், ஒன்லி ஐ ஆம் பிஸி.’ ‘ஆனால்’ என்று பெயர்த்தால் பொருள் வந்துவிடும், தொனி வராது. ஒரு நல்லதைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு குறையைப் பின்னால் ஒட்டும் தொனி அது. தமிழில் அதற்கு நாம் சொல்வது: ‘வண்டி நல்ல வண்டிதான். என்ன ஒன்று, பிரேக் பிடிக்காது.’ அங்கேயும் ஓர் ‘ஒன்று’ வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.